சோயா மொச்சை மாடித் தோட்டத் தொகுப்பு: ஒரு பட்டம் முடிந்தபின் எழுதும் மதிப்புரை

மாடித் தோட்டப் பொருள்களை இணையத்தில் விற்கும் நிறுவனம் ஒன்று, சோயா மொச்சைக்கென்றே தனித் தொகுப்பு ஒன்றை 899 ரூபாய்க்கு விற்கிறது. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதை ஆடிப்பட்டத்தில் விதைத்து, காயும் பறித்து, முற்றிய விதையையும் எடுத்து வைத்த பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டி வந்து சேர்ந்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகள் அந்த விற்பனைப் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து அட்டைப்பெட்டி கசங்காமல் வந்தது என்பதைத் தவிர வேறெதையும் அறிய முடியாது.

பெட்டிக்குள் இருந்தவை இவை: தானியத்திற்கான விதை ஒரு சிறு உறை, பச்சையாக அவித்து உண்ணும் காய்கறி வகை விதை மற்றோர் உறை, 50 கிராம் ரைசோபியம் நுண்ணுயிர் உரம், பன்னிரண்டு அங்குல வளர்ப்புப் பைகள் நான்கு, தென்னை நார்க் கழிவுக் கட்டிகள், வேப்பெண்ணெய்ச் சிறு புட்டி, மஞ்சள் ஒட்டும் அட்டைகள், நீரில் கரையும் 19:19:19 உரப் பொட்டலம், வண்ணப் படங்களுடன் கூடிய கையேடு. இவற்றுள் மிகவும் விலை குறைந்ததும், கையேடு மிகக் குறைவாகப் பேசுவதுமான ரைசோபியம் பொட்டலம்தான் இந்தத் தொகுப்பை வாங்குவதற்கு இருக்கும் ஒரே வலுவான காரணம். மற்றவற்றில் பாதியை உள்ளூரிலேயே இதைவிட நல்ல தரத்தில் வாங்கிவிடலாம். ஒன்றிரண்டைப் பெட்டியில் வைக்காமலே இருந்திருக்கலாம்.

முதலில் விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோயா மொச்சை விதைக்கு உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றின் ஆயுள் கிடையாது. அதன் மேல்தோல் மெல்லியது. விதையில் எண்ணெய்ச் சத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊர்க் கிடங்குகளில் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் சரியத் தொடங்கிவிடும். இந்திய விதைச் சான்றளிப்புத் தரநிலைகள் பெரும்பாலான பயறு வகைகளுக்குக் குறைந்தது 75 சதவீத முளைப்பைக் கேட்கும்போது, சோயாவுக்கு மட்டும் 70 சதவீதம் போதும் என்று இறங்கி வந்திருப்பதற்கும் இந்தப் பலவீனமே காரணம். ஆகவே சோயா விதை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது முளைப்புச் சோதனை நடந்த தேதியை. எனக்கு வந்த உறைகளில் அந்தத் தேதி இல்லை. 'பேக்' செய்த தேதி மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. பழைய விதையைப் புது உறையில் போட்டாலும் அந்தத் தேதி புதியதாகத்தான் இருக்கும். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் அதன் விதிகளும் ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், சோதனைத் தேதி ஆகியவற்றை விவரச் சீட்டில் காட்டச் சொல்வது இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கத்தான். வேளாண்மைக்கு மூட்டையாக விற்கப்படும் விதைகளில் நீல நிறச் சான்றட்டையையோ பச்சை நிற உண்மைநிலை விவர அட்டையையோ காண்கிறோம். வீட்டுத் தோட்டத்திற்குப் பத்து இருபது கிராமாக விற்கும்போது மட்டும் அந்த ஒழுங்கு காற்றில் போய்விடுகிறது.

விளைவு எதிர்பார்த்தபடியே இருந்தது. தானிய வகை ஓரளவு நன்றாக, ஏறத்தாழ முக்கால் பங்கு முளைத்தது. பெரிய விதைகளைக் கொண்ட காய்கறி வகையில் பாதிகூட மேலே வரவில்லை. பெரிய விதை, சேமிப்பில் விரைவாகக் கெடுவது இப்பயிரின் இயல்பு என்பதால், அந்த உறையில்தான் நிறுவனம் கூடுதல் கவனம் காட்டியிருக்க வேண்டும். வாங்கியவர்கள் விதைக்கும் முன் ஈரத் துணியில் சில விதைகளை மடித்து வைத்து, நான்கைந்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கேற்ப ஒரு குழிக்கு இரண்டா மூன்றா என்று முடிவு செய்யலாம். கையேடு சொல்வது போல இரவு முழுதும் நீரில் ஊறவைக்க வேண்டாம். இந்த மெல்லிய தோல் விதை நீரை வேகமாக உறிஞ்சி உப்பி, பருப்பு இரண்டாகப் பிளந்து, முளைப்பதற்கு முன்பே அழுகிவிடக்கூடும்.

உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் 'மரபணு மாற்றப்படாதது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட சோயாவைப் பயிரிட அனுமதியே இல்லை. ஆகவே இது எல்லோருக்கும் பொதுவான நிலையைத் தனிச் சிறப்பாகக் காட்டும் விளம்பரம். அந்த இடத்தில் ரகத்தின் பெயரை அச்சிட்டிருந்தால் உண்மையான பயன் இருந்திருக்கும். ஏனென்றால் சோயா, பகல் நீளத்தைக் கொண்டு பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும், பகல் குறுகும்போது பூக்கும் குறும்பகல் தாவரம். பகல் நீளத்திற்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் கார்னர், அலார்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவியபோது புகையிலையோடு அவர்கள் பயன்படுத்திய பயிரும் சோயாதான். மத்தியப் பிரதேசத்தின் கோடைக்கால நீண்ட பகலுக்கு ஏற்ற ரகம், பகல் அவ்வளவு நீளாத நம் பகுதியில் செடி வளர்வதற்கு முன்பே பூத்து, குட்டையாக நின்றுவிடக்கூடும். நாட்டின் சோயாப் பரப்பில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்திலும் மகாராட்டிரத்திலும் இருப்பதால், பெயரில்லாத உறையில் அந்தப் பகுதிகளின் விதை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ (சோயா) 3 என்று நம் சூழலுக்கான ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காய்கறி வகையில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கருணெ', ராஞ்சி ஆராய்ச்சி மையத்தின் 'சுவர்ண வசுந்தரா' ஆகியவை உண்டு. எனக்கு வந்தது இவற்றுள் ஒன்றா, வேறா என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. தானிய வகைச் செடிகள் முழங்கால் உயரத்தைத் தொடுவதற்குள் பூத்துவிட்டன என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இனி ரைசோபியம். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஒரே பாக்டீரியா எல்லாப் பயறுக்கும் பொருந்தாது என்பது அங்கே அழுத்திச் சொல்லப்படுவதில்லை. சோயாவுக்கு உரியது பிராடிரைசோபியம் என்னும் மெதுவாக வளரும் வகை. தட்டைப்பயறும் உளுந்தும் நிலக்கடலையும் காலங்காலமாக விளைந்த நம் மண்ணில் அவற்றுக்கான பாக்டீரியாக்கள் தாமாகவே இருக்கும். சோயா விளைந்திராத மண்ணில் அதற்குரிய துணை போதிய அளவில் இருப்பதில்லை. வளர்ப்புப் பையில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தென்னை நார்க் கழிவில் எந்தப் பயறின் பாக்டீரியாவும் இருப்பதற்குக் காரணமில்லை. வயலில் சோயா விதைக்கிறவருக்கு ரைசோபியம் நன்மை தரும் ஓர் இடுபொருள் என்றால், மாடியில் விதைக்கிறவருக்கு அது விதைக்குச் சமமான தேவை. தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டத் தளையில் (தொகுப்பில்) வரும் அசோஸ்பைரில்லம் என்னும் நுண்ணுயிர் உரத்தை இதற்கு மாற்றாகக் கொள்ளலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். அது வேறு இனம். வேரைச் சுற்றி வாழுமே தவிர, சோயாவின் வேரில் முடிச்சு உண்டாக்காது.

நிறுவனத்தின் பொட்டலம் இந்த வகையில் நன்றாகவே இருந்தது. சோயாவுக்கான வகை என்று தெளிவாகக் குறித்திருந்தார்கள், தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் இருந்தன, கரிய பொடி உலர்ந்து கட்டிபடாமல் லேசான ஈரத்துடன் இருந்தது. உயிருள்ள பொருளை வெயில் ஏறிய கூரியர் வண்டியில் நாள்கணக்கில் அனுப்புவது ஆபத்தானது என்பதை உணர்ந்து, அதை மட்டும் தனி உறையில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்திருந்ததைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதைப் பயன்படுத்தும் முறைக்குக் கையேடு ஒதுக்கியிருப்பது ஒரே வரி: 'தண்ணீரில் கலந்து ஊற்றவும்.' பாக்டீரியா முளைக்கும் வேரின் அருகில் இருக்க வேண்டும் என்பதால் விதையோடு சேர்ப்பதே சிறந்த முறை. ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும்படி கைபடாமல் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினாலும், பூஞ்சணக்கொல்லி பூசிய விதையில் சேர்த்தாலும் பாக்டீரியா மடிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பையில் மட்டும் ரைசோபியம் சேர்க்காமல் தானிய விதையை விதைத்தேன். முதல் இரண்டு வாரங்களில் வித்திலையின் சேமிப்பிலேயே செடிகள் வளர்வதால் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. அதன்பின் சேர்க்காத பையில் அடியிலைகள் வெளிறின. ஒரு மாத அளவில் அந்தப் பை முழுவதும் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது, மற்றவை கரும்பச்சையாகத் தழைத்தன. பூக்கும் தறுவாயில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். சேர்த்த செடியின் ஆணிவேர்க் கழுத்தில் மிளகு அளவில் முடிச்சுகள் கொத்தாக இருந்தன. நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் முடிச்சில் உண்டாகும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் தருவது. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு வீட்டில் பார்க்கக்கூடிய அடையாளம் அதுதான். சேர்க்காத செடியின் வேரில் முடிச்சே இல்லை. தொகுப்பின் 899 ரூபாயில் எந்தப் பகுதி பயன் தந்தது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தச் சான்றுக்குப் பின் 19:19:19 உரப் பொட்டலத்தைப் பார்த்தால் நிறுவனத்தின் ஒரு கை செய்வதை மறு கை அழிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். முளைத்த பத்தாம் நாள் முதல் வாரம் ஒருமுறை அதைக் கரைத்து ஊற்றும்படி கையேடு கூறுகிறது. தழைச்சத்து வேரடியில் தாராளமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சு உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைப்பதற்கு அது தன் மாவுச்சத்தைச் செலவிட்டுப் பாக்டீரியாவை வளர்க்காது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 20 கிலோ, மணிச்சத்து 80 கிலோ, சாம்பல் சத்து 40 கிலோ என்ற அளவில் இருப்பதையும், அதனுடன் கந்தகத்திற்காக ஜிப்சம் இடச் சொல்வதையும் பார்த்தால், இந்த மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் இந்தப் பயிருக்கு எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் எழுதிய கையேட்டில் பயிரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது என் ஐயம். உரப் பொட்டலத்தை நான் கீரைத் தொட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, சோயாவுக்கு மண்புழு உரமும், பூக்கும் முன் ஒரு கைப்பிடி ஜிப்சமும் இட்டேன்.

பைகளும் நார்க் கட்டிகளும் குறை சொல்ல முடியாத நடுத்தரம். பன்னிரண்டு அங்குலப் பையில் நான்கு செடிகள் தாராளமாக நிற்கும். கட்டிகளை இருமுறை அலசி உப்பை வெளியேற்றிய பின் பயன்படுத்துவது நல்லது. முழுவதும் நார்க் கழிவாக வைக்காமல் பாதிக்குச் செம்மண் கலந்தால், காய் பிடித்த பின் செடி சாயாமல் நிற்கும். வடிகால் துளைகள் சிறியவையாக இருந்ததால் கூடுதலாக இரண்டு போட வேண்டியிருந்தது. வேர் முடிச்சுக்குக் காற்று தேவை, தேங்கிய நீரில் அது அழுகும்.

பயிர்ப் பாதுகாப்பில் மஞ்சள் அட்டை பயனுள்ள சேர்க்கை. சோயாவின் பெரும் பகை மஞ்சள் தேமல் நோய். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அட்டையில் ஒட்டிய ஈக்களின் எண்ணிக்கை கூடுவதைப் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கத் தொடங்கலாம். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயும் அது கரைவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசலும் போதும். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகப் படர்ந்த செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம், பிடுங்கி அகற்றிவிட வேண்டும். ஆனால் மாடியில் சோயாவுக்கு முதலில் வரும் ஆபத்து பூச்சியால் அன்று, புறாவாலும் அணிலாலும். பருத்த வித்திலைகள் மண்ணுக்கு மேலே எழும் அந்த நான்கைந்து நாள்களில் வலை போடாவிட்டால் மொட்டைத் தண்டுகள்தான் மிஞ்சும். உரப் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு சதுர மீட்டர் வலையை வைத்திருந்தால் இந்தத் தொகுப்பின் பயன் இரட்டிப்பாகியிருக்கும்.

'இரண்டு கிலோ வரை அறுவடை' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பற்றி ஒரு கணக்கு. நாட்டின் சராசரி சோயா விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில்தான் இருக்கிறது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம். நான்கு பைகளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பையில் வளரும் செடிக்கு நாற்புறமும் வெளிச்சம் கிடைப்பதால் வயலைவிடக் கூடுதலாகக் காய்க்கும் என்று கொண்டாலும், ஒரு செடிக்கு முப்பது காய், காய்க்கு இரண்டு மூன்று மணி, பதினாறு செடி என்று பெருக்கினால் உலர்ந்த பருப்பு 150 கிராமைத் தாண்டுவது கடினம். எனக்குக் கிடைத்ததும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கவில்லை. மளிகைக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் உலர் சோயாவை வீட்டில் விளைவிப்பது, விதைக்காகவோ குழந்தைகளுக்குக் காட்டுவதற்காகவோ அன்றிப் பொருளற்ற வேலை.

காய்கறி வகை அப்படியன்று. ஜப்பானில் எடமாமே என்ற பெயரில் உண்ணும் இந்தப் பச்சைக் காய் நம் ஊர்ச் சந்தைகளில் அநேகமாகக் கிடைப்பதே இல்லை. கிடைக்கும் இடங்களில் உறைய வைத்ததாக, நல்ல விலைக்கு இருக்கிறது. முளைத்த சில செடிகளே ஒரு மாலைச் சிற்றுண்டிக்குத் தேவையான காயைக் கொடுத்தன. பறிக்கும் பருவத்தைத் தவறவிடக் கூடாது. மணிகள் காயின் அகலத்தை நிரப்பி ஒன்றையொன்று தொடும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். காயின் பச்சை நிறம் மங்கத் தொடங்கியிருக்கக் கூடாது. ஏறத்தாழ ஒரு வாரமே நீடிக்கும் இந்த நிலையில் ஒரு செடியின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே தயாராகின்றன. ஆகவே எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றாமல் பத்து நாள் இடைவெளியில் பிரித்து ஊன்றுவது நல்லது. காலையில் செடியை அடியோடு வெட்டி, காய்களைக் கழுவி, உப்புச் சேர்த்த கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் அவித்தால் போதும். சுணை உள்ள தோலை உண்ணாமல் மணியை மட்டும் பிதுக்கி உண்ண வேண்டும். அவித்த பச்சைக் கடலையை ஒத்த சுவை, அதைவிடச் சற்று இனிப்பு.

இங்கே கையேட்டின் மிகப் பெரிய பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும். உலர்ந்த சோயாவைப் பாசிப்பயறு போல முளைகட்டிப் பச்சையாகச் சாலட்டில் சேர்க்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் உள்ளன. அவற்றைச் செயலிழக்கச் செய்வது வெப்பம்தான். முளைகட்டினாலும் வேகவைத்தே உண்ண வேண்டும். ஒரு விதை நிறுவனம் இதை அறியாமல் எழுதினாலும் அறிந்து எழுதினாலும் மன்னிக்கத்தக்கதன்று.

தானியத்திற்கு விட்ட செடிகள் இலை பழுத்து உதிர்ந்து, காய்கள் பழுப்பேறி, அசைத்தால் மணி குலுங்கும் நிலையில் வெட்டப்பட வேண்டும். அதற்கு மேல் விட்டால் வெயிலில் காய் வெடித்து மணி சிதறும். வேரைப் பிடுங்காமல் பையிலேயே விட்டுவிட்டால் அடுத்துப் போடும் கீரைக்கு அது உதவும். விதைக்கு வைப்பவர்கள் தடியால் அடிக்காமல் கையால் உரிக்க வேண்டும், ஏனெனில் அந்த மெல்லிய தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் படும் அடியே அடுத்த பட்டத்தில் முளைப்பைக் கெடுக்கும். பல்லால் கடித்தால் நசுங்காமல் உடையும் அளவுக்கு நிழலில் காய வைத்து, காற்றுப் புகாத புட்டியில் குளிர்ந்த இடத்தில் வைப்பதே போதுமான சேமிப்பு.

முளைப்புக் குறைவு பற்றி நிறுவனத்துக்கு எழுதியபோது, கேள்வி ஏதும் கேட்காமல் காய்கறி வகையின் புதிய உறை ஒன்றை அனுப்பினார்கள். அதில் சோதனைத் தேதியும் முளைப்பு விழுக்காடும் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, அவர்களால் முடியும், முதலிலேயே செய்யவில்லை என்பது தெரிந்தது. கையேட்டில் உள்ள உணவுக் குறிப்பைப் பற்றி எழுதியதற்குப் பதில் வரவில்லை.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். வளர்ப்புப் பையும் நார்க் கட்டியும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ, கோவையில் இருப்பவர்கள் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலோ ரைசோபியம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளலாம். கேட்கும்போது 'சோயா மொச்சைக்கு' என்று அழுத்திச் சொல்லுங்கள். நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் தனித்தனி வகைகள் இருப்பதால், பயறுக்கு என்று பொதுவாகக் கேட்டால் வேறொன்று கைக்கு வந்துவிடக்கூடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பெற விரும்பித் தொகுப்பையே வாங்குகிறவர்கள், பணம் செலுத்தும் முன் காய்கறி வகை உறையின் சோதனைத் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.